அச்சு அசலாக ஒரு தாலி

கண்ணால் கண்டதை அப்படியே வரைகிறவனைக் கல்யாண வேலைகளுக்குப் பக்கத்தில் விடவே கூடாது. சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள்.

எழுபதுகளில், கோவிந்தாபுரத்தில், டிராயிங் பரீட்சைக்காகச் சின்னச் சின்னச் சாமான்களை அளவு பிசகாமல் வரையப் பழகிக்கொண்டிருந்தேன். பாக்குவெட்டி, தீப்பெட்டி, பூட்டு. பூட்டில் துரு இருந்தால் படத்திலும் துரு இருக்கும். (அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம் வேறு.)

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மாவின் தாலி மாதிரியே மருமகளுக்கும் செய்ய வேண்டும் என்றார் அப்பா. அவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது அம்மா அதைக் கழற்றி ஆசாரியிடம் மாதிரிக்குக் கொடுக்க முடியுமா? நான் வரைந்து தருகிறேன் என்று குதித்தேன்.

"இதையெல்லாமா படம் போடுவாங்க கண்ணு?" என்று கூச்சப்பட்டாள் அம்மா.

"ஆடாம இருங்கம்மா. அளவு தப்பிரும்."

முடித்துக் காட்டியபோது, "நல்லாருக்குது" என்று பார்க்காமலே சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

கொல்லங்கோட்டு ஆசாரி படத்தில் இருந்ததை அப்படியே செய்து கொடுத்தார். நூலளவு வித்தியாசம் இல்லை. பூரித்துப்போய், யாருக்கும் காட்டாமல் மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன்.

முகூர்த்தத்தன்று தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தது. பெண்ணின் தாய்மாமன் தாலியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க, இது யாரு கழுத்துல கெடந்ததுங்க? ஓரம் நசுங்கியிருக்குதே!"

பழைய தாலியா? செத்தவள் தாலியா? பெண்ணை எழுப்பிக் கூட்டிப்போகலாமா என்று பெண் வீட்டார் கூடிப் பேச ஆரம்பித்தார்கள்.

"புதுசுதாங்க. அம்மா தாலியில அப்படித்தான் இருந்துச்சு, அதையே வரைஞ்சனுங்க" என்றேன். (நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.)

அம்மா எழுந்து வந்தாள். யார் கண்ணிலும் படாமல் சேலைக்குள்ளேயே வைத்திருந்த தன் தாலியை, அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் வெளியே எடுத்துப் பிடித்தாள். அதே ஓரம், அதே பள்ளம்.

"இவனுக்குப் பல்லு மொளைக்கறப்ப கடிச்சு வெச்சதுங்க."

பந்தலே சிரித்தது. தாய்மாமனும் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை, தாலியைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு தலை குனிந்தபடி திரும்பிப் போனாள். அவளை அப்படி நிறுத்தி வைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முகூர்த்தம் தவறக் கூடாதென்று அதையே கட்டினேன். பள்ளத்தைத் தட்டிச் சரிசெய்து தருவதாகப் பிற்பாடு ஆசாரி சொல்லி அனுப்பினார். ஆனால் கட்டிய தாலியை யார் கழற்றிக் கொடுப்பது? அது அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மனைவி கேட்காமலே சொல்லிவிடுவாள்: "எங்க அத்தை தாலியப் பல்லுல கடிச்சாருங்க. என்ற தாலியப் பென்சில்லயே கடிச்சுட்டாருங்க."