பொத்தான் போக்கரில் ஒரு சீர்திருத்தம்

படைகளை நடத்தியவர்களைப் பற்றிச் சரித்திரம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. ஆனால், சட்டைப் பொத்தான்களைப் பந்தயம் வைத்துப் போக்கர் ஆடி, அதிலும் தோற்று, தோல்விக்கு ஓர் அறிக்கை தயாரித்து, அறிக்கைக்குப் பின்னிணைப்பும் சேர்த்த ஒரு மாமனிதரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அந்தப் பெருங்குறையைப் போக்குவதற்காகவே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

அவரை எல்லோரும் 'திட்டம் சார்' என்பார்கள். ஒரு பெரிய அலுவலகத்தில் திட்டக் கண்காணிப்புப் பிரிவின் துணை மேலாளர். மற்றப் பிரிவுகள் எப்படித் திட்டமிட வேண்டும் என்று திட்டமிடுவது அந்தப் பிரிவின் பணி. பத்தொன்பது ஆண்டுகளில் அங்கே ஒரு தவறுகூட நடந்ததில்லை. ஏதாவது நடந்தால்தானே அதில் தவறு நடக்க முடியும்?

ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்குச் சலவைக்கடையின் மாடியில் ஆட்டம் கூடும். இஸ்திரி மேசைதான் ஆட்ட மேசை. கீழேயிருந்து நீராவி வாசனை வரும். சுவரோரம் யாரும் வாங்க வராத சட்டைகள் ஹேங்கரில் தொங்கியபடி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். துவைக்கும்போது அறுந்து விழுந்த பொத்தான்களைச் சலவைக்கடைக்காரர் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்து வைத்திருந்தார். அவைதான் பந்தயம். ஐந்து சட்டைப் பொத்தானுக்கு ஒரு கோட்டுப் பொத்தான் சமம்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரே எண்ணுள்ள சீட்டுகள் எவ்வளவு சேர்கின்றனவோ, கை அவ்வளவு உசத்தி. ஆரம்பத்தில் எல்லோரும் நடுவில் ஒரு பொத்தான் போட வேண்டும். தன் சீட்டுதான் உசத்தி என்று நினைப்பவர் மேலும் பொத்தான் வைப்பார். நம்பாதவர் அதே அளவு வைத்து, "பாத்துடலாம்" என்பார். பயந்தவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவார். கையில் ஒன்றுமே இல்லாமல், எல்லாம் இருப்பதுபோல் நடித்து மற்றவர்களை ஒதுங்க வைத்தாலும் செல்லும். ஐந்து மணிக்கு யாரிடம் குறைந்த பொத்தான் இருக்கிறதோ, அவர் அன்றைய டீ கிளாஸ்களைக் கழுவி வைக்க வேண்டும்.

தொடர்ந்து பதினான்கு ஞாயிறு திட்டம் சார் கழுவினார். அதையும் முறையாகச் செய்தார். முதலில் உள்பக்கம், பிறகு விளிம்பு, கடைசியில் அடிப்பாகம். இந்தச் செய்தி வீட்டுக்குப் போகாமல் பதினான்கு வாரம் காப்பாற்றியதுதான் அவருடைய நிர்வாகத் திறமைக்குச் சான்று.

பதினைந்தாவது வாரம், இருமல் மருந்து வாங்கப் போன மனைவியிடம் மருந்துக்கடை அக்கா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். ஆட்டத்தில் அவரும் ஒருவர்.

"உங்க வீட்டுக்காரர் கை பட்டா கிளாஸ் அப்படி மின்னுதுங்க. நீங்க குடுத்து வெச்சவங்க," என்றார் அக்கா, நிஜமான பொறாமையோடு.

மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அன்று மாலை சமையலறைத் தொட்டியில் மலைபோல் கிடந்த பாத்திரங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"அங்க பதினாலு வாரமா கழுவுறீங்களாமே?"

"அது வந்து... ஆட்டத்தோட நடைமுறை."

"இங்க இருபத்திரண்டு வருஷமா ஒரு ஸ்பூன் கழுவினதில்ல. அது என்ன நடைமுறை?"

இந்த இடத்தில் சாதாரண மனிதராக இருந்தால் ஒரு தட்டை எடுத்துக் கழுவியிருப்பார். இருபது நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். திட்டம் சார் சாதாரண மனிதர் அல்ல. அவர் இலக்கு நிர்ணயித்தார்.

"ஆறு ஞாயிறு டைம் குடு. அதுக்குள்ள ஒரு நாளாவது நான் முதலிடத்துல வருவேன். அப்புறம் கழுவுற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது."

"வரலேன்னா?"

"வரலேன்னா இந்தத் தொட்டி என்னோடது. ஆயுசுக்கும்."

"எழுதிக் குடுங்க," என்றார் மனைவி.

எழுதிக் கொடுத்தார். இரண்டு பிரதி, ஒன்று கோப்புக்கு. மனைவியின் பிரதி குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டது. அன்றிரவு தொட்டியைப் பார்த்தபோது அதன் ஆழம் அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

சீர்திருத்தம் மறுநாளே தொடங்கியது. செல்போனில் 'உத்தி குரு' என்று ஒருவர் கிடைத்தார். கறுப்புக் கண்ணாடி, பின்னால் புத்தக அலமாரி, அலமாரியில் அவரே எழுதிய ஒரே புத்தகத்தின் நாற்பது பிரதிகள். "பயம் என்பது எதிராளியின் சொத்து. அதை அவனிடமிருந்து பறி," என்றார் குரு. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க நேரமில்லாததால் திட்டம் சார் அதை அடிக்கோடிட்டுக்கொண்டார். வீட்டுச் சுவர்களில் சீட்டாட்ட வரைபடங்கள் முளைத்தன. அலுவலகத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு கோப்புக்குள்ளும், பயிற்சிக்காக, ஒரு சீட்டு ஒளிந்திருந்தது.

முதல் ஞாயிறு. திட்டம் சார் கையில் எதற்கும் உதவாத ஐந்து சீட்டுகள். குரு சொன்னபடி தாடையை இறுக்கி, நான்கு கோட்டுப் பொத்தான்களை நடுவில் தள்ளினார். பயம் பறிபோகக் காத்திருந்தார்.

"பாத்துடலாம்," என்றார் சலவைக்கடைக்காரர்.

"நானும் பாத்துடறேன்," என்றார் மருந்துக்கடை அக்கா.

"எல்லாரும் பாக்குறப்போ நான் மட்டும் என்ன?" என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நான்காவது ஆட்டக்காரர் அவர்.

"மாஸ்டர், உங்ககிட்ட அப்படி என்ன சீட்டு இருக்கு?" என்று திட்டம் சார் கேட்டேவிட்டார்.

"நான் இன்னும் பாக்கல சார். வாரம் பூரா 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்துறவன் நான். இங்கயும் நிறுத்தணுமா? போறதுக்குத்தானே வர்றேன்."

பயம் என்பது எதிராளியின் சொத்து. எதிராளியிடம் அது இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைக் குரு இலவசப் பாடத்தில் சேர்க்கவில்லை. திட்டம் சார் அன்று கழுவினார்.

தோல்வி குறித்து ஒன்பது பக்க அறிக்கை தயாரானது. அதன் பரிந்துரைப்படி இரண்டாவது ஞாயிறு 'உற்றுநோக்கல் பணி' தொடங்கிற்று. ஒவ்வொருவரும் நல்ல சீட்டு வந்தால் என்ன செய்கிறார்கள், பொய் சொல்லும்போது என்ன செய்கிறார்கள் என்று மடியில் ஒரு நோட்டு வைத்து ரகசியமாகக் குறித்தார். 'மாஸ்டர்: நல்ல சீட்டு வந்தால் வலது கால் பிரேக்கை மிதிக்கிறது. கெட்ட சீட்டு வந்தாலும் மிதிக்கிறது. மேலும் ஆய்வு தேவை.' எழுத்து யாருக்கும் புரியக் கூடாது என்று கோணல்மாணலாகக் கிறுக்கினார்.

"சார், 'அக்கா பொய் சொன்னால் இருமுகிறார்'னு எழுதியிருக்கீங்களே," என்றார் மருந்துக்கடை அக்கா, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தபடி. "அது அலர்ஜி சார். இஸ்திரி ஆவி ஒத்துக்கல."

இருபது வருடமாக டாக்டர்களின் சீட்டைப் படிப்பவரிடம் எழுத்தை மறைக்க முடியாது என்று அன்றைய அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது. கழுவிய கையோடு எழுதியதால் அந்த வரி சற்று நனைந்திருந்தது.

பிறகுதான் குருவின் இரண்டாம் பாடம் வந்தது. 'சில்லறை ஆட்டத்தில் யாரும் ஒதுங்க மாட்டார்கள். எனவே பொய் சொல்லாதே. நல்ல சீட்டு வரும்வரை கவிழ்த்துக்கொண்டே இரு. வந்தவுடன் மொத்தமாக அடி.' நியாயமான யோசனை. எந்தக் குருவும் தவறி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுவதுண்டு.

திட்டம் சார் கவிழ்த்தார். மூன்றாம் ஞாயிறு முப்பத்தொரு கை கவிழ்த்தார். நான்காம் ஞாயிறு முப்பத்தைந்து. கவிழ்ப்பதில் அவர் அலுவலக அனுபவம் கைகொடுத்தது. வந்ததைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ஓரமாகத் தள்ளி வைப்பதை அவரைவிடப் பக்குவமாக யாராலும் செய்ய முடியாது. அந்த இரண்டு ஞாயிறும் அவர் கடைசியில் வரவில்லை. மாஸ்டர் கழுவினார். ஒரு கிளாஸ் உடைந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் முதலிடம் என்றல்லவா எழுதிக் கொடுத்திருந்தார்?

"சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று சலவைக்கடைக்காரர் அக்காவின் காதில் கேட்டார். "பேசவே மாட்டேங்கறாரு."

"சத்து மாத்திரை வேணும்னா தர்றேன்."

ஐந்தாம் ஞாயிறு, நாலரை மணி. திட்டம் சார் சீட்டைப் பிரித்தார். மூன்று ராஜா, இரண்டு ஒன்பது. வாழ்நாளில் ஒருமுறை வரும் கை. காது இரண்டும் சூடாயின. தன்னிடமிருந்த அத்தனை பொத்தான்களையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

மூவரும் அவரையே பார்த்தார்கள். சுவரோரம் தொங்கிய சட்டைகள்கூட அசையவில்லை.

"சாரே வைக்கிறாரா?" என்று சலவைக்கடைக்காரர் சீட்டைக் கவிழ்த்தார்.

"ரெண்டு வாரமா வாயைத் திறக்காத மனுஷன்," என்று அக்கா கவிழ்த்தார்.

மாஸ்டர் தன் சீட்டைப் பார்த்தார், திட்டம் சாரைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட நிறுத்தாத மனிதர். வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. கவிழ்த்தார்.

வாழ்நாளின் உயர்ந்த கைக்குத் திட்டம் சார் வென்றது மூன்று சட்டைப் பொத்தான். அதில் ஒன்று உடைந்திருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும் வழியில் அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். இவர்கள் பயப்படுகிறார்கள். இனி நான் எதை வைத்தாலும் நம்புவார்கள். ஒன்றுமே இல்லாமல் வைத்தாலும் நம்புவார்கள். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனது அவர் காதில் விழவில்லை. குதிக்காத குறையாக வீட்டுக்குப் போனார். ஒன்றும் செய்யாமல் இருந்தே நம்பிக்கை சம்பாதிப்பது, பிறகு ஒன்றும் இல்லாமலே அதைச் செலவழிப்பது! பத்தொன்பது ஆண்டு உத்தியோகத்தின் சாரம் இதுதான் என்று அவருக்குப் புல்லரித்தது.

ஆறாவது ஞாயிறு. கடைசி வாய்ப்பு. "நானும் வர்றேன், நேர்ல பாக்கணுமில்ல," என்று மனைவியும் கிளம்பினார். சலவைக்கடைக்காரர் ஸ்டூல் போட்டு, சும்மா உட்கார வைப்பது மரியாதை இல்லை என்று அவருக்கும் ஒரு பங்கு பொத்தான் எண்ணி வைத்தார்.

"உனக்கு ஆடத் தெரியாதே," என்றார் திட்டம் சார்.

"ஆறு வாரமா கழுவுற இடத்துல, சாப்பிடுற இடத்துல, எங்க பார்த்தாலும் உங்க வரைபடம்தானே ஒட்டியிருக்கு. படிச்சுட்டேன்."

அன்று திட்டம் சார் ஆடியது ஆட்டமே அல்ல, கலை. மூன்று மணிக்குக் கையில் குப்பை, பத்து பொத்தான் வைத்தார், எல்லோரும் ஒதுங்கினார்கள். மூன்றேகாலுக்கு அதைவிடக் குப்பை, இருபது வைத்தார், ஒதுங்கினார்கள். நாலரைக்கு அவர் முன்னால் பொத்தான் கோபுரம் நின்றது. மனைவியும் சத்தமில்லாமல் நாலைந்து கை வென்று, அவருக்குச் சமமாக வைத்திருந்தார். ஐந்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம். கடைசிக் கை.

திட்டம் சாருக்கு வந்தவை இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பத்து. ஒரு ஜோடிகூட இல்லை. உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. அடக்கிக்கொண்டு, மொத்தக் கோபுரத்தையும் நடுவில் தள்ளினார்.

சலவைக்கடைக்காரர் கவிழ்த்தார். அக்கா கவிழ்த்தார். மாஸ்டர் பிரேக் போட்டார். மிச்சம் மனைவி ஒருவர்தான். அவரும் ஒதுங்கினால் முதலிடம். தொட்டி திட்டம் சாருடையது அல்ல, ஆயுசுக்கும்.

மனைவி சீட்டைப் பார்த்தபடி யோசித்தார். திட்டம் சார் மெல்லக் குனிந்து, குரலில் தேன் குழைத்துச் சொன்னார். "ஏம்மா சிரமப்படறே? நீ விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

மனைவி நிமிர்ந்தார். தன் பொத்தான்கள் அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"பாத்துடலாம்."

சீட்டுகள் திரும்பின. திட்டம் சார் கையில் ஒன்றுமில்லை. மனைவி கையில் ஒரு ஜோடி மூன்று. போக்கரில் அதைவிடச் சின்னதாக ஒரே ஒரு ஜோடிதான் உண்டு.

"ஜோடி மூணை வெச்சுக்கிட்டா அத்தனையும் வெச்சே?" திட்டம் சார் அந்த இரண்டு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த உத்தியிலயும் இப்படிக் கிடையாது."

"நாங்க மூணு பேரும் நம்பிட்டோம்மா," என்றார் மாஸ்டர். "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

மனைவி பொத்தான்களை நிதானமாகத் தன் பக்கம் கூட்டிக்கொண்டார்.

"குழந்தைக்கு விடிய விடிய ஜுரம் அடிச்சப்பவும், எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும், போன மாசம் எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டப்பவும், இதே குரல்லதான் 'நீ விட்டுடு, நான் பாத்துக்கறேன்'னு சொன்னாரு. ஒரு தடவைகூட அவர் கையில ஒண்ணும் இருந்ததில்ல."