பதினோரு தாமதங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, நொடிமுள்ளார் தன் மகளை ஒரு பஸ்ஸாக மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார்.

பஸ் டெப்போவில் அவர் நேரக்காப்பாளர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எழுதி எழுதியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. நொடிமுள் என்பது டிரைவர்கள் வைத்த பெயர். ஒல்லி உடம்பு, ஓயாத ஓட்டம், நிற்காத டிக் டிக். திட்டத்தான் வைத்தார்கள். அவருக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்படிப்பட்டவர் வீட்டில், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இயற்பியலில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கி வந்திருந்தாள். ஏன் என்று கேட்டார். பாதி வரைந்த செய்முறை நோட்டிலிருந்து அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நேரமே இல்லப்பா."

நொடிமுள்ளாருக்கு நெஞ்சு ஒரு நிமிடம் பிரேக் பிடித்து நின்றது. நேரம் இல்லையாமே! நாலு சுவரிலும் நாலு கடிகாரம் மாட்டிய வீட்டில், அவர் பெற்ற பிள்ளை வாயிலிருந்து!

ஒன்றரை மணி நேரத்தில் அட்டவணை தயார். டெப்போவில் ஓடுகிற அதே பாணி. புறப்பாடு, சேருமிடம், தாமதம், காரணம். காலை நாலு ஐம்பதுக்கு எழுந்திருத்தல். பல் தேய்ப்பு மூன்று நிமிடம். குளியல் ஆறு நிமிடம், தலைக்கு என்றால் எட்டு. கணக்கு, வேதியியல், இயற்பியல் எல்லாம் வரிசையாக, ஒன்றன் பின்புறத்தை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மாலை நாலே முக்காலுக்கு வாலிபால் என்று இருந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ‘சேவை ரத்து’.

"சேவை ரத்தா?" மகளின் குரல் கீச்சிட்டது. "அப்பா! வெள்ளிக்கிழமை டீம் செலக்‌ஷன்! ரெண்டு வருஷமா அதுக்காகத்தான் ஓடிட்டிருக்கேன்!"

"ஓடினது போதும். இனிமே அட்டவணைப்படி ஓடு."

"அம்மா... இவரைப் பாரேன்!"

அம்மா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவள் பொறுப்பு. வலியில் குதிப்பவரைச் சிரித்தே உட்காரவைத்து, படிவம் நீட்டி, கையெழுத்து வாங்கி, உள்ளே அனுப்புவது அவள் தொழில். அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க. கோடெல்லாம் எவ்வளவு நேரா போட்டிருக்கீங்க!"

நொடிமுள்ளார் குளிர்ந்துபோனார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க டெப்போவுல ஒரு சேவையை ரத்து பண்ணணும்னா, சும்மா சிவப்புக் கோடு போட்டா போதுமா?"

"அது எப்படி? மூணு நாள் ஆய்வு பண்ணணும். ஒவ்வொரு தாமதத்தையும் காரணத்தோட எழுதணும். ஆய்வு இல்லாம கோடு போட்டா, போட்டவன் கையை ஒடிச்சிடுவாங்க."

"ஓஹோ."

வெறும் ஓஹோதான். ஆனால் அது நொடிமுள்ளாரின் வலது கையில் போய் விழுந்தது. சிவப்புப் பேனாவை மெல்ல மூடினார்.

"சரி. ஆய்வு பண்ணிடுவோம்! வாலிபால்தான் குற்றவாளின்னு தானா வெளிய வரும். எழுத வேண்டியது இவ. பொய் எழுதாம பாத்துக்க வேண்டியது நீ."

"பாத்துக்கறேன். தாமதத்துக்கு எது காரணம்னு தெரிஞ்சா அப்புறம் என்னங்க செய்யறது?"

"ஒரே காரணத்தால அஞ்சு நிமிஷத்துக்கு மேல மூணு தடவை தாமதம் வந்தா, அந்தக் காரணத்தைத் தடத்துலேருந்தே தூக்கிடணும். டெப்போ சட்டம்!"

"எனக்கு ஞாபகம் இருக்காதுங்க. எழுதிக் கொடுத்துடுங்களேன்." காகிதத்தையும் அவளே நீட்டினாள். "இவ பிரெண்ட்ஸ் வேற அரட்டைக்கு வருவாங்க. ‘எதுவாக இருந்தாலும்’னு மட்டும் போட்டா போதுமா?"

"யாராக இருந்தாலும்!" என்று கர்ஜித்து, அதையும் எழுதி, அடியில் நீளமாகக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தின் வால் காகிதத்தைத் தாண்டி மேசைவிரிப்பு வரை போனது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆய்வு நடந்தது. மகளின் மேசையோரத்தில் ஒரு நோட்டு எப்போதும் திறந்தே கிடந்தது. ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று நொடிமுள்ளார் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தீர்ப்பு. மகள் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நொடிமுள்ளார் நோட்டை எடுத்து நின்றுகொண்டு, டெப்போ ஒலிபெருக்கிக் குரலில் வாசித்தார்.

"வாலிபால். மூணு நாளும் நாலே முக்காலுக்குப் புறப்பாடு. அஞ்சு நாப்பதுக்குச் சேர்ந்தது. தாமதம்..." குரல் தடுக்கியது. "இல்லை?"

"மேல படிங்க," என்றாள் மனைவி.

"போன், நாப்பத்தோரு நிமிஷம். பாத்தியா! ஒரு தடவைதான்... சரி. பென்சில் தேடினது, ஆறு நிமிஷம். ஒரு தடவை. திங்கள், இயற்பியல், புறப்பாடு ஆறு பத்து. ஆறு பதினாலுக்கு நின்றது. தாமதம் இருபத்திரண்டு நிமிஷம். காரணம்..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுத்து மாறவில்லை.

"காரணம், ‘அப்பா’?" என்று வாசித்தார்.

நாலு கடிகாரமும் மட்டும் பேசின.

"‘படிக்க ஆரம்பிச்சிட்டியா’ன்னு கேக்க வந்தீங்க," என்றாள் மகள். "ஆரம்பிச்சிட்டேன்னு சொன்னேன். ‘ஒவ்வொரு நிமிஷமும் எவ்வளவு முக்கியம் தெரியுமா’ன்னு தொடங்கி இருபத்திரண்டு நிமிஷம் பேசினீங்க."

"அது அறிவுரைம்மா! அதெல்லாம் தாமதத்துல சேராது!"

"வண்டி நின்னுச்சா இல்லையா?"

இதே கேள்வியை நொடிமுள்ளார் ஆயிரம் டிரைவர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்களும் இப்படித்தான் விழித்திருக்கிறார்கள்.

பக்கத்தைப் புரட்டினார். அப்பா, முப்பத்தோரு நிமிடம்: கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஸ்டூல் போட்டு ஏறியது, மகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது. அப்பா, பத்தொன்பது நிமிடம்: தன் பள்ளி நாட்களில் தான் எப்படி நேரத்தை வீணாக்கவில்லை என்று விளக்கியது. அப்பா. அப்பா. அப்பா. மூன்று நாளில் பத்து முறை, மொத்தம் நாலு மணி நேரம்.

ஒன்றும் அவருக்குத் தாமதமாக ஞாபகம் இல்லை. பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்ததாகத்தான் ஞாபகம்.

"இது சதி! கணக்குல கூட்டல் தப்பு! நான் பேசறதே கொஞ்சம், அதுவும் நல்லதுக்கு, ஒரு தகப்பன் பிள்ளைகிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தியபோது மகள் பேனாவை எடுத்து நோட்டில் ஏதோ எழுதினாள்.

"என்னம்மா எழுதற?"

"ஆறு அஞ்சுக்குக் கணக்கு நின்னுச்சுப்பா. இப்ப ஆறு இருபத்தொம்பது. இது பதினொண்ணு."

அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மனைவி மேசையில் வைத்தாள். ‘எதுவாக இருந்தாலும், யாராக இருந்தாலும்.’

"ஏம்மா, என்னையேவா? நான் இந்த வீட்டுத் தலைவன்!"

"தலைவர்தாங்க. யார் இல்லைன்னாங்க? ஆறுலேருந்து எட்டு வரைக்கும் மட்டும் வெளியில தலைவரா இருங்க." கிளினிக்கில் நோயாளிக்குக் கொடுக்கிற சீட்டு மாதிரி ஒன்றை நீட்டினாள். "எட்டு மணிக்குச் சாப்பாடு. எட்டேகால் வரைக்கும் மக உங்களோட மட்டும் பேசுவா. போன் கிடையாது, நோட்டு கிடையாது. அவளே கேட்டு வாங்கின நேரம். லேட்டா வந்தா அடுத்தவருக்குப் போயிடும்."

"அடுத்தவர் யாரு?"

"நான்தான்."

வெள்ளிக்கிழமை மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். முகமெல்லாம் மைதானத்துப் புழுதி, அதற்கு நடுவே பல்லெல்லாம் தெரிந்தது. "அப்பா! எடுத்துட்டாங்க! டீம்ல எடுத்துட்டாங்க!"

நொடிமுள்ளார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றியில் நேரத்தின் பங்கு என்ன என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஆறாகப் போகுதுங்க," என்றாள் மனைவி.

திறந்த வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினார். மூன்று மாடி இறங்கினார். குடியிருப்பு வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பெருமூச்சு விடலாம் என்று போனவர் திகைத்து நின்றார்.

பெஞ்சில் இடமில்லை. இரண்டாம் மாடி வக்கீல், எதிர் வீட்டுக் கணக்கு வாத்தியார், கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர், மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூவர் வீட்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை உண்டு. மூவர் கையிலும் ஒரே மாதிரி காகிதம்.

"வாங்க சார்," என்றார் வக்கீல், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க சட்டம்தானாமே?"

ஜெராக்ஸ் கொஞ்சம் மங்கல்தான். கையெழுத்து மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.