லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் ஆற்றிய ஆங்கில உரை

வெளியாளிடம் நம் வீட்டுப் பெருமையைப் பேசும்போது வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது என் மாமனார் ஊரில், கையில் மைக்கோடு.

வெளிநாட்டு விருந்தினர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் அரசு அலுவலகம் ஒன்றில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஐரோப்பியத் தூதர் ஒருவர் பழவேற்காட்டுக்கு வருகிறார் என்றதும், "அங்கே இருக்கிற லைட்ஹவுஸ் குப்பம் என் மனைவி ஊர் சார், கூட்டம் என் பொறுப்பு" என்று முந்திக்கொண்டேன். (மாமனாரிடம் பந்தா காட்டும் ஆசைதான்.) கூடவே ஒரு யோசனையும் சொன்னேன். நான் ஆங்கிலத்தில் பேசப் பேச, உள்ளூர் ஸ்டெல்லா டீச்சர் இன்னொரு மைக்கில் தமிழில் சொல்லட்டும். மக்களும் கலந்துகொண்ட மாதிரி இருக்கும்! மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடந்த நேரம் அது. மனு கொடுத்துச் சலித்துப்போன ஊர், அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஆவலோடு பந்தலில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாமனார், வெள்ளை வேட்டியில்.

நான் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். டீச்சர் ஒரு சொல் விடவில்லை.

"இங்க மீனவருங்களுக்கு ஒரு குறையும் இல்லியாம். வலைய போட்டா மீன் தானா வந்து விழுதாம்."

பந்தல் சலசலத்தது. மாமனார் எழுந்தார்.

"இன்னா மாப்ள, மண்ணு அடச்சி படகே வெளிய போவ முடியல. மீன் தானா எங்க வருது, உங்க ஆபீசுக்கா?"

தூதர் என் பக்கம் குனிந்தார். "என்ன சொல்கிறார்?"

"உங்களை மனதார வரவேற்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில். (என் மைக்கை அணைக்கவில்லை.)

டீச்சர் கடமை தவறாதவர். "நம்ம நைனா தூதரை மனசார வரவேற்கிறாராம்!"

பந்தலே குலுங்கியது. சிரிக்காத ஒரே ஆள், மேடையேறி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிய மாமனார்.

"டீச்சர், நான் சொல்றத அப்டியே இங்கிலீசுல சொல்லும்மா."

பத்து நிமிடம் மணலைப் பற்றியே பேசினார். தூதர் குறிப்பெடுத்தார், வேறு வழியின்றி என் மேலதிகாரியும் எடுத்தார்.

கிளம்பும்போது தூதர் என் தோளைத் தொட்டார். "வெளிநாட்டில் பேசியதற்கு நானும் என் ஊரில் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். எனக்கு ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது. உங்களுக்கு உடனே கிடைத்துவிட்டது."

இரண்டு மாதத்தில் மணல் அள்ளும் இயந்திரம் வந்தது. அதற்கு முன்பே நான் கோப்பு அடுக்கும் பிரிவுக்குப் போய்விட்டேன்.

இன்றும் வீட்டுக்கு வந்தவர்களிடம், "அடடா, இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று நான் உபசரித்தால், சமையலறையிலிருந்து என் மனைவியின் மொழிபெயர்ப்பு கேட்கும்:

"எப்ப கெளம்புவீங்கன்னு கேக்குறாரு!"