கொண்டையப்பனின் இடப்பக்கத் தலைவலி

ஒரு காட்டில், வாகை மரம் ஒன்றில், கொண்டையப்பன் என்கிற மரங்கொத்தி வீடு கட்டிக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டிருந்தான் என்பது பேச்சுக்குத்தான். பாதிப் பொந்தோடு வேலை நின்றுபோயிருந்தது. மனைவி வடிவு முட்டையிடப் பத்து நாள்கூட இல்லை. இவனுக்கோ தாங்க முடியாத தலைவலி, அதுவும் இடப்பக்கம் மட்டும்.

"நாளெல்லாம் மரத்துல மண்டையை மோதினா வலிக்காம என்ன செய்யும்?" என்றது மொத்தக் காடும்.

ஆந்தை டாக்டரிடம் போனான். வரிசையில் முன்னால் பதினாறு பேர். கொடுத்த படிவத்தில் காது, பல், தலை, வால் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கழுத்துக்கு மட்டும் இல்லை.

"தொழில்?" என்றார் ஆந்தை.

"மரம் கொத்துறேங்க."

"அப்புறம் என்ன கேள்வி? கொத்தாதே. ஒரு வாரம் ஓய்வு. அடுத்த ஆள்!"

கொண்டையப்பன் கொத்தவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தான். மூன்றே நாளில் வலி இரட்டிப்பாகி, பிடரியில் கிளம்பி, இடது கண்ணுக்குப் பின்னால் போய்க் குடியேறிவிட்டது.

மறுபடி போனான், இந்தத் தடவை வடிவும் கூடப் போனாள். டோக்கன் கொடுக்கும் நாரையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தைப் பற்றி அந்தக் காட்டில் அவளைவிடத் தெரிந்தவர் யார்? அலகு நுனியால் அவன் பிடரியை மெல்ல அழுத்தினாள்.

"ஐயோ, கண்ணு!" என்று அலறினான்.

"நான் தொட்டது கழுத்தை. உங்க தலைக்கு ஒண்ணுமில்லை, வலி கழுத்துலேருந்து ஏறுது. எந்தப் பக்கம் அடிக்கடி திரும்புவீங்க?"

வடிவு பதில் சொன்னாள். "வேற எந்தப் பக்கம்? இடப்பக்கம் பின்னால பனைமரத்துல தூக்கணாங்குருவி வீடு கட்டுறாரே, அந்தப் பக்கம்தான்! ரெண்டு கொத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாரு. ஓய்வுன்னு உக்காந்ததுலேருந்து கொத்துறதே கிடையாது, முழுநேரமும் பார்வைதான்."

"அதை விட்டுடுங்க, சரியாயிடும்," என்றாள் நாரையம்மாள்.

விட்டான். ஒரு பகல் முழுக்க விட்டான். தலைவலி குறைந்தது வாஸ்தவம்தான், ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தக் குருவி மாடி எடுத்துவிட்டானா? வாசல் எந்தத் திசையில்? வடிவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் அவள்தான் வழி கண்டாள்.

"மரத்துக்கு அந்தப் பக்கம் போய், கிளை பிரியிற இடத்துக்குக் கீழே குடைங்க. கவட்டை வழியா பனைமரம் நேர் எதிரே தெரியும். கழுத்தைத் திருப்பவே வேண்டாம்."

பாதிப் பொந்தை அம்போவென்று விட்டுவிட்டு அங்கே போனான். கொத்தினான், பார்த்தான். பார்த்தான், கொத்தினான். நாலே நாளில் பொந்து முடிந்தது, தலைவலி போன இடம் தெரியவில்லை. மறுநாள் வடிவு மூன்று முட்டை இட்டாள்.

புதுமனை புகுவிழாவுக்குத் தூக்கணாங்குருவி வந்தார், தலையைப் பிடித்துக்கொண்டு.

"ஒரு மாசமா மண்டை வெடிக்குது. உங்க வீட்டு வேலை எப்ப முடியும்னு பார்த்துப் பார்த்து..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வலப்பக்கம் மட்டும்தான்."

கொண்டையப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனுக்குப் பரம சந்தோஷம். கழுத்து என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

"ஓயாம கூடு பின்னுறீங்க இல்ல, அதான்," என்றான் அன்பாக. "ஒரு வாரம் சும்மா உக்காந்து ஓய்வெடுங்க."

நீதி: அடுத்த வீட்டை எட்டிப் பார்க்காதீர்கள், கழுத்துக்குக் கேடு. நேர் எதிரே குடிபோய், நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.