விசேஷத்துக்குப் போடும் பல்

பல்செட் கட்டியவர்களில் அதை வாயில் வைத்திருப்பவர்கள் ஒரு ரகம். சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகம்.

இவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அம்பகரத்தூரில் பொக்கை வாயோடு பஸ் ஏறி, காரைக்கால் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, இருமுகிற சாக்கில் துண்டால் வாயைப் பொத்தி, பிறகு இருபத்தெட்டுப் பல்லும் பளிச்சென்று தெரிய இறங்கிப்போவார்கள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்வரை பல் இருக்கும். பந்தியில் இருக்காது. கேட்டால், "அது சாப்பிடறதுக்கு இல்லைங்க" என்பார்கள். பின்னே எதற்கு? மரியாதைக்கு.

விழிதியூர் தெட்சிணாமூர்த்தி இந்த ரகத்தில் முதல் தரம். காரைக்காலில் குமாஸ்தா வேலை. ஐம்பது வயதிலேயே மேலும் கீழும் காலியாகி, 1979-ம் வருஷம் முழு செட் கட்டிக்கொண்டார். தினமும் போட்டால்தான் ஈறு பழகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். தினமும் போட்டால் பல் தேய்ந்துவிடும் என்பது இவர் கட்சி.

மகள் அஞ்சுகத்தைப் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்து, மூன்றும் தட்டிப்போயிருந்தது. நாலாவது வரன் பூவத்திலிருந்து. பையனின் அப்பா சோமசேகரன், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து வந்து பென்ஷன் வாங்குகிறவர். பெரிய இடம்.

"கேசரி கிண்டிடறேன்" என்றார் மனைவி வடிவாம்பாள்.

"கேசரி வேணாம். முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் பண்ணு. மெத்துமெத்துன்னு குடுத்தா, இந்த வீட்ல பல்லில்லாதவன் இருக்கான்னு நினைச்சுக்குவாங்க."

பொரிவிளங்காய் உருண்டை தெரியும் அல்லவா? வெல்லப் பாகில் பிடிப்பது. நன்றாக அமைந்துவிட்டால் உடைக்க அம்மிக் குழவி வேண்டும். அன்றைக்கு நன்றாக அமைந்திருந்தது.

பூவத்துக்காரர்கள் வந்தார்கள்; தெட்சிணாமூர்த்தி பல்லோடு வரவேற்றார். பேச்சு நல்லபடியாகவே போயிற்று. காபி கொடுக்க வந்த அஞ்சுகம் பையனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்; இன்னொரு தரமும் பார்த்தாள். முந்தைய மூன்று பேரை அவள் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. தெட்சிணாமூர்த்தி அதைக் கவனித்தார். கடவுளே, இது அமையணுமே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

பலகாரத் தட்டுகள் வந்தன. எங்கள் பக்கத்தில், பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம்; காபி கணக்கில் சேராது. நனைக்காமல் எழுந்தால் வேறு இடம் பார்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பையனும் அம்மாவும் பெரியவர் தொடட்டும் என்று காத்திருந்தார்கள். சோமசேகரன் தொடவில்லை.

"எடுத்துக்குங்க" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"நீங்க முதல்ல எடுங்க."

"அதெப்படி, நீங்க விருந்தாளி..."

"பரவாயில்லைங்க. இப்பதான் காபி குடிச்சோம்."

தெட்சிணாமூர்த்தி தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். தானே ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டினால் அவரும் எடுப்பார். கடித்தால் முறுக்கோடு பல்லும் கையில் வந்துவிடும். பெண்ணுக்குப் பிடித்த இடம் கண்ணெதிரே நழுவுகிறது, இந்த மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சோமசேகரன் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்கப் போகிறார்!

கதவோரம் நின்ற அஞ்சுகம் அப்பாவைப் பார்த்தாள். அவர் கை, பல்லைக் கழட்டி வைக்கிற சட்டைப் பையைத் தடவியது. சோமசேகரனைப் பார்த்தாள். அவர் கையும் தன் சட்டைப் பையைத்தான் தடவியது.

உள்ளே போனாள். இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அப்பா முன்னால் ஒன்று, அவர் முன்னால் ஒன்று வைத்தாள்.

"அப்பா, கழட்டி இதுல போட்டுட்டுச் சாப்பிடுங்க. மாமா, நீங்களுந்தான். உருண்டையை இடிச்சுப் பால்ல ஊறவச்சு எடுத்தாரேன்."

பையனின் அம்மாதான் முதலில் பேசினார். "பொண்ணு மாமான்னே கூப்பிட்டுடுச்சு. இன்னும் என்ன, கழட்டுங்க. வீட்ல தினம் கஞ்சி குடிக்கறப்ப கழட்டறதுதானே."

பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். அப்புறம் சோமசேகரன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. போட்டோவில் சம்பந்திகள் இருவருக்கும் பல்வரிசை பிரமாதம். யார் கேட்டாலும் சொந்தப் பல் என்றுதான் இருவரும் சொல்கிறார்கள்.

உங்களுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது, ரொம்ப சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கும்போது உங்கள் நாக்கு ஒரு தரம் மெல்லப் போய்க் கடைவாயைத் தடவிப் பார்த்துவிட்டு வந்ததே, அது எதற்கு?