கவனம்: நூறு சதவீதம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் கணினித் திரை வழியாக வேதியியல் நடத்துவதுதான். நெருப்பைச் சுற்றியாவது பத்துப் பேர் முண்டியடித்து உட்கார வேண்டியிருந்தது. இதில் அந்தத் தொல்லை கிடையாது. ஒரு முகத்துக்கு ஒரு முகம். பக்கத்தில் வீடே இடிந்து விழுந்தாலும் பாடம் நடக்கும்.

இந்தத் திருப்பணியில் இருந்த நம் கதாநாயகர், இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூளைச் சுவாசித்தவர். அங்கே அவர் வெறும் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஆன்லைன் கம்பெனியில் சேர்ந்த அன்றே 'கற்றல் துணைவர்' ஆனார். துணைவர்களில் வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று படிகள் உண்டு. அவர் தங்கத்தில் நின்றுகொண்டு வைரத்துக்குத் தவம் கிடந்தார்.

வைரம் சும்மா கிடைக்காது. கம்பெனி இரண்டு கட்டளைகள் விதித்திருந்தது. முதலாவது, 'இல்லை', 'தப்பு' என்ற சொற்கள் துணைவரின் வாயில் வரக் கூடாது. மாணவர்களின் மனம் வாடிவிடும். தண்ணீர் ஓர் உலோகம் என்று பிள்ளை சொன்னாலும், 'அருமையான முயற்சி!' என்றுதான் தொடங்க வேண்டும். இரண்டாவது, பார்வை கேமராவை விட்டு விலகக் கூடாது. அதைக் கவனிக்கத் திரையின் மூலையில் ஒரு குட்டிக் கண் படம் இருந்தது. நேரே பார்த்தால் பச்சை, திரும்பினால் சிவப்பு. நம் துணைவர் மூக்கு அரித்தால்கூட முகத்தைச் செதுக்கிய சிலைபோல வைத்துக்கொண்டு சொறியக் கற்றிருந்தார்.

தவத்துக்கு உதவியாக ஒரு ஹெட்போனும் வாங்கியிருந்தார். காதில் மாட்டினால் வீட்டுச் சத்தம் துளிகூட நுழையாது. அதற்கே காசு கரைந்துவிட்டதால், மைக்கை மட்டும் மலிவில் பிடித்தார். அது கிடைத்த சத்தத்தையெல்லாம் வாரி அள்ளி அனுப்பும். ஆக, அவர் வீட்டில் நடப்பது அவருக்குக் கேட்காது, எதிர்முனையில் இருக்கும் மாணவிக்கு ஒன்று விடாமல் கேட்கும்.

அந்த மாணவி பத்தாம் வகுப்பு. கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுக் குனிந்துகொள்கிற பெண். 'பேச்சுத் திறன் போதாது' என்று அவளைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதியிருந்தார் துணைவர். அவள் என்ன செய்வாள், பாவம். அவர் வீட்டுக் குழாய் ஒழுகுவதும், அழைப்பு மணி அடிப்பதும், அவர் மனைவி "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டு அலுத்துப்போவதும் மாதக்கணக்கில் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தன. அந்த 'என்னங்க'வுக்கு ஒரு நாளும் பதில் வந்து அவள் கேட்டதில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தர மேற்பார்வையாளர் என்னும் கண்காணாத பெரியவர் அன்றைய வகுப்பை மறைந்திருந்து கேட்பதாகத் தகவல். தேறினால் வைரம். துணைவர் வெள்ளைச் சட்டை போட்டு, கதவைச் சாத்த மறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்தார்.

மனைவி வங்கிக் கவுண்டரில் வாரம் முழுக்க வேலை பார்ப்பவள். மறுநாள் நாத்தனார் குடும்பத்தோடு வருகிறாள். பாத்ரூம் சுவரில் ஒரு பழுப்புக் கறை. "ரசாயன விஷயம், என்கிட்ட விட்டுடு" என்று துணைவர் வாக்குக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இனி நம்பிப் பயனில்லை என்று அவளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தேய்த்துத் தேய்த்துக் கை சலித்ததும், ஒரு கையில் கழிவறை ஆசிட் பாட்டிலும் மறு கையில் பிளீச்சிங் பவுடர் பொட்டலமுமாக அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, இந்தக் கறை ஆசிட்டுக்கு அசைய மாட்டேங்குது. பிளீச்சிங் பவுடரையும் கூடச் சேத்துக்கவா?"

அதே நேரத்தில் மாணவி, "சார், இரும்பு துருப்பிடிக்கிற சமன்பாட்டுல தண்ணியையும் சேத்துக்கவா?" என்று கேட்டிருந்தாள்.

"அருமையான முயற்சி! தாராளமா சேத்துக்கோங்க. பயப்படவே வேண்டாம்" என்றார் துணைவர்.

'கோங்க' என்ற மரியாதைதான் மனைவிக்குச் சற்று உதைத்தது. ஆனாலும், கூப்பிட்ட குரலுக்கு உடனே பதில் வருவதென்ன சாதாரண விஷயமா? மனசு குளிர்ந்து பாத்ரூமுக்குத் திரும்பிப் போனாள்.

திரையில் மாணவி நிமிர்ந்தாள். "சார், மேடம் உங்ககிட்ட ஏதோ கேட்டாங்க சார்."

"அருமையான முயற்சி! நாம துருவுக்கு வருவோமா?"

"சார், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் வரும் சார். நீங்கதானே நடத்துனீங்க."

துணைவருக்குப் புல்லரித்தது. வாயைத் திறக்காத பிள்ளை, மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பழைய பாடத்தை ஒப்பிக்கிறது. வைரம் கைக்கெட்டும் தூரத்தில் மின்னியது.

"அருமை. அது எப்படிப்பட்ட வாயு?"

"விஷ வாயு சார். சார், மேடம் இருமுறாங்க."

"இருமல். சரிதான். அறிகுறியும் சொல்றீங்க. அப்புறம்?"

"சார், மூச்சு விட முடியாம இருமுறாங்க சார். ஏதோ விழுந்துச்சு. உங்க வீட்டுலதான் சார்."

"பாடத்தை வாழ்க்கையோட பொருத்திப் பாக்குறீங்க. இதைத்தான் நான் எதிர்பாத்தேன்." சொல்லிவிட்டுக் கண் படத்தைப் பார்த்தார். அது பச்சைப்பசேல் என்றிருந்தது.

மாணவி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு மறைந்தாள். 'மாணவர் வகுப்பிலிருந்து வெளியேறினார்' என்று திரையில் ஒரு பெட்டி வந்தது.

துணைவருக்குத் தலையில் இடி விழுந்தது. வைரம் போயிற்று, அதுவும் கைக்கு வந்த வைரம். ஆத்திரத்தில் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.

அப்போதுதான் அவருக்குத் தம் வீடு கேட்டது. பாத்ரூம் பக்கமிருந்து, இருமக்கூடத் தெம்பில்லாத ஓர் இருமல். கூடவே, இருபது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் ஒரு நாளும் முகர்ந்து பார்க்காததுமான அந்தக் காரமான நெடி.

பாத்ரூம் வாசற்படியில் சரிந்து கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். ஜன்னல்களையெல்லாம் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். வழி நெடுக, "என்னம்மா, என்னம்மா" என்று அவர்தான் கூப்பிட்டுக்கொண்டே போனார். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைக்கும்போதெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆக்ஸிஜன் வைத்த பிறகு ஆபத்து நீங்கியது. டாக்டர் மனைவியைக் கடிந்துகொண்டார்.

"படிச்சவங்களா இருக்கீங்க. ரெண்டையும் கலக்குறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவள் முகமூடியை விலக்கினாள். "கேட்டேன் டாக்டர். கெமிஸ்ட்ரி வாத்தியார்கிட்டயே கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அருமையான முயற்சின்னார்."

"அந்த ஆள் எங்க இருக்கார்? நான் பேசுறேன்."

"கஷ்டம் டாக்டர். எப்பவும் கிளாஸ்ல இருப்பார்."

துணைவர் மருத்துவமனைத் தரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் மாணவிக்குப் போன் செய்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஹெட்போனைக் கழட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லணும்னுதான் நெனச்சேன் சார். அதையும் அருமையான முயற்சின்னுடுவீங்களே. நான் போனாத்தான் கழட்டுவீங்கன்னு வெளிய வந்துட்டேன். மேடம் நல்லா இருக்காங்களா சார்?"

"நல்லா இருக்காங்கம்மா" என்று போனை வைத்த பிறகுதான், நன்றி சொல்லாதது அவருக்கு நினைவு வந்தது.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. இன்னும் கரகரப்பு போகாத குரலில் மனைவிதான் அதை உரக்கப் படித்தாள்.

"வகுப்பு நேரத்தில் தங்கள் இல்லத்தில் கேள்வி, தொடர் இருமல், கீழே விழும் ஓசை ஆகிய இடையூறுகள் ஏற்பட்டதை எமது மேற்பார்வையாளர் கேட்டறிந்தார். இவை எதனாலும் தங்கள் பார்வை கேமராவை விட்டு விலகவில்லை. கவனம்: நூறு சதவீதம். தங்களை 'வைரத் துணைவர்' என அறிவிப்பதில் நிறுவனம் பெருமை கொள்கிறது. கவனமின்றிப் பாதியில் வெளியேறிய மாணவிக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டுள்ளது."

மனைவி சான்றிதழைத் தாழ்த்தினாள். "என்னங்க."

"சொல்லும்மா." பதில் உடனே வந்தது.

"இதுல 'இடையூறு'ன்னு போட்டிருக்கே, அது நான்தானே?"

இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவள் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். கறை அப்படியேதான் இருந்தது. சான்றிதழ் அதை மறைக்கச் சரியான அளவு. அவள் ஆணி அடிப்பதைப் பார்த்தபடி அவர் வாசலில் நின்றார்.

"மன்னிச்சிடும்மா. இனிமே ஒரு காதையாவது வீட்டுக்குன்னு வெச்சுக்கறேன்."

"அருமையான முயற்சி" என்றாள் மனைவி, ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.