கன்றுக்குட்டிக்கு ஆயுத பூஜை

எல்லா விதிமுறையும் தெரிந்தவன் செய்யும் தவறுக்குத் தனி அழகு உண்டு. அதையும் முறைப்படியே செய்வான். கால்நடை மருத்துவனாக நான் அப்படித்தான் பணியாற்றி ஓய்வு பெற்றேன்.

மானாம்பதியில் மாவு மில் நடத்தும் கன்னியம்மாவின் கிடேரிக் கன்று, டிராக்டர் இடித்துப் பின்னங்கால் முறிந்து கிடந்தது. விற்றுத் தொலை என்றது ஊர் (அடிமாட்டுக்கு என்று பொருள்). தாயில்லாக் கன்று, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் மாட்டேன் என்றாள். நான் களமிறங்கினேன். எலும்புக்குக் குறுக்கே ஊசிகளைச் செலுத்தி, அவற்றின் முனைகளைத் தோலுக்கு வெளியே இரும்புக் கம்பிகளோடு நட்டு போட்டு, ஒரு சட்டமாக முடுக்கினேன்.

பிறகு அரை மணி நேரம் சொற்பொழிவு. கம்பி எலும்புக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு உறுதி. நட்டு தளரக்கூடாது. சுத்தம் முக்கியம். இவ்வளவும் சொல்லிவிட்டு, வீக்கத்துக்கு இடம் விடுகிறேன் பேர்வழி என்று கம்பியை நாலு விரல் தள்ளி மாட்டியிருந்தேன். கழற்றாதே என்று மட்டும் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்வார்கள்?

மூன்றாவது வாரம், ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் துறை இணை இயக்குநரை வழிமறித்து, என் கைவண்ணத்தைக் காட்ட அழைத்துப் போனேன்.

மில்லில் அரைவை இயந்திரம், தராசு, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வரிசையில் கடைசியாகக் கன்று. காலில் நட்டுக்கு ஒரு பொட்டு. கம்பிகளில் எண்ணெய் மினுமினுத்தது; நான் விட்ட நாலு விரல் இடைவெளி ஒரு விரலாகியிருந்தது.

"யாரும்மா இதைக் கழட்டினது?" என்றேன்.

"நான்தான் சார். பூஜைக்குத் தொடைக்கசொல்லோ பாத்தேன், லொடலொடன்னு ஆடிக்கினு கீது. கிட்ட இருந்தாதான் ஸ்ட்ராங்குன்னு நீங்கதான சொன்னீங்க? ஒவ்வொரு நட்டா லூஸ் பண்ணி, உள்ள தள்ளி, டைட் வெச்சிட்டேன். இன்னா சார், தப்பா?"

இணை இயக்குநர் குனிந்து சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. கன்று அசைந்தது, அவர் முழங்காலில் ஓர் உதை விட்டது. முறிந்த காலால்.

"நல்ல உறுதி," என்றார், தரையில் உட்கார்ந்தபடி. என்னிடம் அல்ல, கன்னியம்மாவிடம்.

ஓய்வுக்குப் பின் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். என் காலுக்கும் அதே மாதிரிச் சட்டம். ஆயுத பூஜையன்று மனைவி குங்குமத்தோடு வந்தாள். பின்னாலேயே, பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு கன்னியம்மா.

சட்டத்தைக் கழற்றிச் சில ஆண்டுகளாகின்றன. காலுக்குப் பொட்டு வைப்பதை மட்டும் என் வீட்டில் இன்னும் நிறுத்தவில்லை.